மூன்றாம் மாடிக்கு உண்ணி ஏறாது என்று யார் சொன்னது?

நல்லூர்க் கோயில் தேர்த் திருவிழாவுக்கு முந்தின கிழமை எனக்கு வருஷத்திலேயே ஆக நெருக்கடியான கிழமை. கொழும்பில் இருக்கிற யாழ்ப்பாணத்தார் பாதிப்பேர் ஒரே நேரத்தில் ஊருக்கு வெளிக்கிடுவார்கள். ஊருக்குப் போகிறவர்களின் நாய்களை வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான் என் தொழில், அதனால் அவர்களுடைய நாய்கள் ஒரே நேரத்தில் தெஹிவளையில் என் வீட்டு வாசலுக்கு வரும். இந்த வருஷமும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறரைக்கு ஒரு ஓட்டோ வந்து நின்றது. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிற குடும்பம். மூன்று வயது லாப்ரடோர், ஒரு பை தீன், ஒரு பழைய பெட்ஷீட். இரவு பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம்தான் இருக்கிறதாம்.

ஊசிக் கொப்பியைக் கேட்டேன். "அது வீட்டில கிடக்கு அன்ரி, வட்ஸப்பில அனுப்பிவிடுறன்." உண்ணிக்கு என்ன மருந்து குடுக்கிறீங்கள் என்று கேட்டேன். அந்தப் பிள்ளை சிரித்தது. "இவன் வீட்டுக்குள்ளயே வளருறவன் அன்ரி. இவனுக்கு எங்கால உண்ணி?"

அந்த இடத்திலேயே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்கிறார், உள்ளே ஐந்து நாய்கள் குரைக்கின்றன, கயிற்றைக் கையில் வாங்கிவிட்டேன். அது என் பிழை.

எல்லா நாயும் படுத்த பிறகு, பத்து மணிபோல, டோர்ச்சை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். காதுக்குள், கழுத்துப் பட்டிக்குக் கீழே, கக்கத்தில், வாலடியில் ஒன்றும் இல்லை. வலது முன்னங்கால் விரல்களை விரித்துப் பார்த்தால் இடுக்கில் ஒன்று இருந்தது. ஆமணக்கங்கொட்டை போல ஊதி, சாம்பல் நிறத்தில், கால்கள் எல்லாம் முன்பக்கத்தில் சுருங்கிப்போய். கிளிப்பால் இழுத்தெடுத்து, ஒரு இரண்டு ரூபாய்க் குற்றிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்தேன். ஏன் படம் என்று கேட்பீர்கள். எட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை விறாந்தைத் தரையில் சிவப்புத் துளிகள், அவன் படுக்கையிலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரைக்கும் வரிசையாக. காலைக் கிழித்துக்கொண்டானாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். இரத்தம் மூக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன். நல்ல நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்து, இரண்டு செக்கனுக்குள் நிறம் திரும்பும். இவனுடையது கழுவிப் போட்ட துணி மாதிரி, அதில் குண்டூசி முனையளவில் சிவப்புப் புள்ளிகள். மிருக வைத்தியரிடம் ஓடினோம். பிளேட்லெட் 28,000. நாய்க்கு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல்.

யாழ்ப்பாணத்துக்கு அழைத்துச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தகப்பன் பேசினார்: "எங்கட வீட்டில நல்லாத்தானே இருந்தவன். உங்கட இடத்தில வேற நாயளும் நிக்குதுகள், என்ன?"

இந்த வருஷத்தில் இது மூன்றாவது தடவை. இனியும் தொலைபேசியில் ஒவ்வொருவராக விளங்கப்படுத்த என்னால் முடியாது.

கொழும்பில் டெங்கு தெரியாத வீடு இல்லை. நுளம்பு இன்றைக்குக் கடித்தால் இன்றிரவே காய்ச்சல் வருமா? வராது. நாலு நாளிலிருந்து பத்து நாள் வரைக்கும் பிடிக்கும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆஸ்பத்திரி வார்ட்டில் படுத்திருக்கிற மூன்றாம் நாள் பிளேட்லெட் இறங்கினால், "உங்கட ஆஸ்பத்திரியில வந்துதான் டெங்கு பிடிச்சது" என்று டொக்டரோடு யாராவது சண்டை பிடிப்பார்களா? நாய் விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கு எல்லோருக்கும் மறந்துவிடுகிறது. உண்ணி கொண்டுவருகிற எர்லிகியா என்கிற கிருமி உடம்புக்குள் போய்க் காய்ச்சலாகக் காட்ட எட்டு நாளிலிருந்து இருபது நாள் வரைக்கும் எடுக்கும். இங்கே பரவலாக இருக்கிற இன்னொன்று பபேசியா. அதற்கும் ஒன்றிரண்டு கிழமையாவது வேண்டும். வெள்ளி பின்னேரம் வந்த நாய்க்கு ஞாயிறு காலை மூக்கால் இரத்தம் வந்தால், உண்ணி கடித்தது எந்தக் கிழமை, எந்த வீட்டில் என்று விரல் விட்டு எண்ணலாம்.

எண்ணத் தேவையே இல்லை, அந்த உண்ணியே சாட்சி. ஒரு பெண் உண்ணி ஏறிய அன்றே ஆமணக்கங்கொட்டை அளவுக்கு ஊதுவதில்லை. முழுவதாகக் குடித்து முடிக்க ஏறக்குறைய ஒரு கிழமை பிடிக்கும். என் வீட்டுக்கு வந்து நாலு மணித்தியாலத்தில் நான் எடுத்த உண்ணி அது. நேரம் பதிந்த படத்தை அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் பில் யாருடையது என்ற பேச்சு நின்றது.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். எர்லிகியா சில நாய்களுக்குள் மாதக்கணக்காக, ஏன், வருஷக்கணக்காகவும் சத்தமில்லாமல் இருக்கும். நாய் சாப்பிடும், வாலாட்டும், விளையாடும். புது இடம், புது ஆட்கள், பிரிவு என்று உடம்பு கொஞ்சம் தளர்கிற நேரம் பார்த்துத் தலை தூக்கும். என் வீட்டில் வைத்து வெளிப்படுகிறது என்பது உண்மைதான். அதற்காக என் வீட்டில் பிடித்தது என்று ஆகிவிடாது.

சரி, மூன்றாம் மாடிக்கு உண்ணி எப்படி வந்தது?

உண்ணி என்றால் புல்லில் இருப்பது, மாட்டில் இருப்பது, ஊரில் இருப்பது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாயில் ஏறுகிற பழுப்பு உண்ணி வேறு சாதி. அதற்குப் புல் தேவையில்லை, வீடே போதும். முட்டையிலிருந்து குஞ்சு, பிறகு நடுப்பருவம், பிறகு பெரிய உண்ணி என்று மூன்று தடவை நாயில் ஏறிக் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் இறங்கிப்போய்ச் சுவர் வெடிப்பிலோ கதவு நிலையின் இடுக்கிலோ ஒளிந்துகொள்ளும். மேல்நோக்கி ஏறுவது அதன் பழக்கம். ஒரு பெண் உண்ணி சில ஆயிரம் முட்டை இட்டுவிட்டுத்தான் சாகும். நாய் கிடைக்காவிட்டாலும் பெரிய உண்ணி ஒரு வருஷத்துக்கு மேல் பட்டினி கிடந்து காத்திருக்கும். உங்கள் தொடர்மாடியின் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் தெருநாய் படுத்திருக்கிறதா? லிஃப்டில் வேறு நாய் வருகிறதா? மாதத்துக்கு ஒருமுறை குளிப்பாட்டி முடி வெட்டக் கொண்டுபோகிறீர்களா? பிறகென்ன!

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. தொழில் தொடங்கிய இரண்டாம் வருஷம், மண்டபச் சுவரில் இருந்த பிள்ளையார் படத்தைத் தூசி தட்டக் கழற்றினேன். படத்தின் பின் அட்டையும் சட்டமும் சேருகிற ஓரத்தில் கடுகைக் கொட்டின மாதிரி ஏதோ இருந்தது. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் அந்தக் கடுகு நடந்தது. அந்த மாதம் முழுக்க ஒரு நாயும் எடுக்கவில்லை. மருந்தடிக்கிறவர்களைக் கூப்பிட்டு அடித்து, மூன்று கிழமை விட்டுத் திரும்ப அடித்து, வெடிப்பெல்லாம் சீமெந்து பூசி முடிக்க எனக்குப் போன காசை இப்போது நினைத்தாலும் வயிறு எரியும். அதற்குப் பிறகு என் மண்டபச் சுவரில் படம் ஒன்றும் இல்லை. பிள்ளையார் சாமியறையில் இருக்கிறார், அங்கே நாய்க்கு அனுமதி இல்லை.

அப்புறம், செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாதாமாதம் கொடுக்கிற மாத்திரை இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒன்று கொடுக்கிற மாத்திரையும் இருக்கிறது, முதுகில் விடுகிற சொட்டு மருந்தும் இருக்கிறது. எது உங்கள் நாய்க்கு என்று மிருக வைத்தியரைக் கேளுங்கள். வலிப்பு வருகிற நாய் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அளவு நாயின் எடைக்கு. பெரிய நாயின் மாத்திரையை வாங்கி இரண்டாக வெட்டி இரண்டு சின்ன நாய்களுக்குக் கொடுக்கிற கெட்டித்தனம் வேண்டாம். சொட்டு மருந்து விட்டால் இரண்டு நாளைக்குக் குளிப்பாட்டக் கூடாது. வீட்டில் பூனையும் இருந்தால் இரட்டிப்புக் கவனம், நாய்க்கு விடுகிற சில மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும். மாத்திரை கொடுத்த பிறகும் ஒன்றிரண்டு உண்ணி தெரிந்தால் மருந்து சரியில்லை என்று நிறுத்தாதீர்கள். கடித்த உண்ணியைத்தான் அது கொல்லும், கிட்ட வருவதைத் துரத்தாது.

உண்ணியைக் கண்டால் கிளிப்பால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுங்கள். நெருப்புக்குச்சி, மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் ஒன்றும் வேண்டாம். நகத்தால் நசுக்கவும் வேண்டாம், ஸ்பிரிட்டில் போடுங்கள். பழைய எஞ்சின் ஒயிலை நாயின் உடம்பில் பூசிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது மருந்தில்லை ஐயா, நஞ்சு. நாய் நக்கும், உள்ளே போகும்.

காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று பனடோல் கொடுத்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து விடாதீர்கள். நாயின் ஈரலை அது அடித்துவிடும். நாய்க்குச் சாதாரணமாகவே 38 பாகைக்கு மேல் சூடு இருக்கும். உங்கள் கைக்கு அது காய்ச்சலாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

உண்ணிக் காய்ச்சலுக்கு வைத்தியர் டொக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாளைக்கு என்று எழுதினால் அது 28 நாள்தான். ஐந்தாம் நாள் நாய் எழும்பிச் சாப்பிடும், பத்தாம் நாள் பந்து விளையாடும், பன்னிரண்டாம் நாள் மாத்திரைப் பெட்டி குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஏறிவிடும். இது எல்லா வீட்டிலும் நடக்கிறது, என் தங்கச்சி வீட்டிலும் நடந்தது.

குட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "ஊசி போட்டாச்சு" என்றால் எத்தனை ஊசி? ஆறு, எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நாலு கிழமைக்கு ஒன்றாக, பதினாறு கிழமை வரைக்கும் போட வேண்டிய வரிசை அது. தாயின் பால் வழியாக வந்த காப்பு இன்னும் உடம்பில் இருந்தால் முதல் ஊசியை அதுவே வேலை செய்ய விடாது. குட்டிகளைக் கொல்லுகிற பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். வாசனைத் திரவத்தால் தரை துடைத்தால் வாசனை வரும், வைரஸ் போகாது, பிளீச்தான் வேண்டும். அதனால் ஐந்து மாதத்துக்குக் குறைந்த குட்டியை நான் எடுப்பதில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் இல்லை. எலிக்காய்ச்சல் ஊசி வருஷா வருஷம் போட வேண்டியது, கொழும்புக் கான்களில் எலிக்கு என்ன குறை. விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது, அதற்கும் ஒரு சாட்டுச் சொல்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

தயவுசெய்து எதையும் மறைக்காதீர்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிற நாய் என்றால் சொல்லுங்கள். சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் போனால் கடிக்கும் என்றாலும் சொல்லுங்கள், நான் கோபிக்க மாட்டேன், கோப்பையைத் தனியாக வைப்பேன். பெட்டை பருவத்தில் இருக்கிறது என்பதை என் வீட்டு ஆண் நாய்கள் எனக்குச் சொல்லி நான் அறிய வேண்டியதில்லை. வழமையாகச் சாப்பிடுகிற தீனையே கொடுத்து அனுப்புங்கள், திடீரென்று மாற்றினால் வயிற்றால் போகும். அவசரத்துக்கு வைத்தியம் செய்யச் சொல்லி ஒரு எழுத்தும், தொலைபேசியை எடுக்கக்கூடிய ஒருவரின் இலக்கமும் கொழும்பிலேயே இருக்கட்டும். இரவு பஸ்ஸில் படுத்துத் தூங்குகிறவரை எழுப்பி, இரத்தம் ஏற்றலாமா என்று நான் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

அந்த லாப்ரடோர் பிழைத்துவிட்டான். 28 நாளும் மாத்திரை கொடுத்தார்கள், நான் இரண்டு நாளைக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு மருந்தடித்தபோது பெல்கனிக் கதவு நிலையின் இடுக்கிலிருந்து என்னவெல்லாம் வந்தது என்று அந்தத் தாய் எனக்குச் சொன்னா. நான் விபரம் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

இப்போது வாசலில் ஒரு வாங்கு போட்டிருக்கிறேன். யார் கொண்டுவந்தாலும் அதில் பத்து நிமிஷம் இருக்க வேண்டும். ஊசிக் கொப்பியைக் கையில் வாங்கி, ஈறைப் பார்த்து, நாலு பாதத்து விரலிடுக்கெல்லாம் பார்த்த பிறகுதான் கேற் திறக்கும். ஓட்டோக்காரருக்கு வெயிட்டிங் காசு நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

போன கிழமை அந்தப் பிள்ளையிடமிருந்து வட்ஸப் வந்தது. டிசம்பர் விடுமுறைக்கு இடம் இருக்கிறதா அன்ரி என்று கேட்டு, ஊசிக் கொப்பியின் படங்களும், டோர்ச் அடித்து விரல்களை விரித்து எடுத்த நாலு பாதங்களின் படங்களும். இடது பின்னங்கால் மட்டும் மங்கலாக இருந்தது. திரும்ப எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.