மெஸ் பின்வாசலில் பிபி மெஷின்

செப்டம்பர் 29, உலக இதய தினம். பெங்களூரில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் வருடா வருடம் ஆடிட்டோரியத்தில் பிபி பரிசோதனை முகாம் போடுவோம். காலை பத்து மணிக்கே வரிசை நீண்டுவிடும். யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால், தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிற பேராசிரியர், போன மாதம்தான் மாஸ்டர் செக்கப் முடித்த அவர் மனைவி, செல்ஃபி எடுக்க வந்த மாணவர்கள். மெஸ்ஸில் அடுப்பு முன்னால் நிற்பவரும், இரவு ஷிப்ட் முடிந்து தூங்கப் போன செக்யூரிட்டியும் அந்த நேரத்தில் எப்படி வருவார்கள்?

இது எனக்கு உறைக்க நான்கு முகாம்கள் ஆயின. போன வருடம் மெஷினைத் தூக்கிக்கொண்டு மதியம் மூன்று மணிக்கு மெஸ் பின்வாசலுக்கே போனேன். சமையல்கட்டில் பாதிப் பேர் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்தது. கை மட்டும் நீளவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா. தலைசுத்தல்கூட கிடையாது" என்றார் தலைமைச் சமையல்காரர்.

கொஞ்ச நேரம் பேசிய பிறகுதான் நிஜக் காரணம் வந்தது. நோய் என்று தெரிந்தால் கான்ட்ராக்டர் நிறுத்திவிடுவாரே! சூப்பர்வைசர் கைக்கு எந்தத் தாளும் போகாது என்று சொன்ன பிறகே உட்கார்ந்தார். அன்றிலிருந்து சீட்டை மடித்து அவரவர் கையில்தான் கொடுக்கிறோம்.

178/110. அடுப்படியிலிருந்து நேராக வந்தவர், டீ வேறு குடித்திருந்தார். அதனால் அந்த எண்ணை நான் நம்பவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே டீ, காபி, பீடி கூடாது. ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினாலும் எண் ஏறித்தான் காட்டும். (எங்கள் ஆடிட்டோரிய முகாமில் இதெல்லாம் ஒழுங்காக நடந்ததா என்று கேட்காதீர்கள்.) சமையல்கார அண்ணனுக்கு அரை மணி கழித்து 170/106. அடுத்த வாரமும் 140/90-க்குக் கீழே வரவில்லை. மாத்திரை ஆரம்பித்தோம்.

இரண்டாம் மாதம் நிறுத்திவிட்டார். "அதான் நார்மல் ஆயிடுச்சே?" மாத்திரை போட்டதால்தானே அண்ணா நார்மல்! இதைச் சொல்ல மறுபடி ஒரு மதியம் போனது. முகாமுக்கு வாழைமரம் கட்டுகிற செலவில், இப்படி இரண்டாம் முறை போய்ப் பார்க்க ஒரு நர்ஸை வைக்கலாம் என்பது என் கட்சி.

படித்தவர்களுக்கு வேறு நோய்: 'ஈசிஜி நார்மல்' என்கிற நிம்மதி. 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் இறந்தபோது இந்த ஊர் மருத்துவமனைகளில் இதயப் பரிசோதனைக்குக் கூட்டம் முண்டியடித்தது. ஆனால் ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி, ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பைப் பெரும்பாலும் காட்டாது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. ஆகவே முப்பதிலேயே பிபி, சர்க்கரை, கொலஸ்ட்ரால் பாருங்கள். தையல்காரர் டேப் ஒன்றும் போதும்: இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நெஞ்சை அடைத்து வியர்த்தால் கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த சுற்று இரவு ஷிப்ட் செக்யூரிட்டிகளுக்கு. காலை ஆறு மணி, மெயின் கேட். டீ குடிக்காமல் வாருங்கள். பிபி பார்த்த பிறகு நான் வாங்கித் தருகிறேன், சர்க்கரை கம்மியாக.