தென் இத்தாலியை ஒரு மதியத்தில் பார்த்துவிட முடியாது

சென்ற ஞாயிறு மதியம் பாரி ரயில் நிலையத்திலிருந்து ஒரு குடும்பம் என்னைக் கூப்பிட்டது. காலையில் ரோமில் ரயில் ஏறி வந்திருக்கிறார்கள். குகை வீடுகளுக்குப் பெயர்போன மத்தேராவைப் பார்த்துவிட்டு அன்றிரவே ரோம் திரும்ப, பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டும் கையில் இருக்கிறது. கூடவே முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டி. "மேடம், மத்தேராவுக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்கள். அன்றைக்கு அவர்கள் மத்தேராவைப் பார்க்கவே இல்லை. பாரியின் பழைய ஊரில் கொஞ்சம் நடந்துவிட்டு, ஃபொக்காச்சா ரொட்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்பினார்கள்.

இந்தப் பக்கம் வரும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயணத்திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். இதே கதையை, ஊர்ப்பெயர் மட்டும் மாறி, ஒவ்வொரு பருவத்திலும் கேட்கிறேன். வருத்தம் என்னவென்றால், இவர்கள் எல்லோரும் நல்ல ஆர்வத்தோடு வருகிறவர்கள். அமால்ஃபியும் பொம்பேயும் போதும் என்று நிற்காமல், அதிகம் பேர் போகாத ஊர்களைத் தேடி வருகிறவர்கள். அவர்களுக்குத்தான் இப்படி நடக்கிறது.

முதலில் அந்த ரயில் நம்பிக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "இத்தாலி முழுக்க அதிவேக ரயில் இருக்கிறதே, எங்கிருந்தும் எங்கும் போய் வந்துவிடலாமே" என்கிறார்கள். இல்லை. மிலானிலிருந்து ரோம், நேப்பிள்ஸ் வழியாக வரும் அந்த அதிவேகத் தடம் சலேர்னோவோடு முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே அந்தத் தடத்தில் ஓடும் அதே சிவப்பு நிற அதிவேக ரயில் போகும். ஆனால் பழைய தண்டவாளத்தில், பழைய வேகத்தில் போகும். பாரி, லெச்சே, ரெஜ்ஜோ கலாப்ரியா போன்ற பெரிய ஊர்களுக்கு அது போதும். நீங்கள் பார்க்க விரும்பும் சின்ன ஊர்களுக்கு அது போகாது. அங்கே ஓடுவது உள்ளூர் ரயில், அல்லது பேருந்து, அல்லது இரண்டும் இல்லை.

மத்தேராவையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரியிலிருந்து நகருக்குள் உங்களைக் கொண்டுவிடுவது அப்புலோ லுக்கானே என்ற தனி நிறுவனத்தின் குறுகிய பாதை ரயில். அதன் நிலையம் பாரி மத்திய நிலையத்துக்கு அருகிலேயே இருந்தாலும் வாசல் வேறு, டிக்கெட் வேறு. ரோமில் எடுத்த டிக்கெட் அங்கே செல்லாது. பயணம் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. சில ரயில்களில் அல்தமூராவில் பெட்டிகள் பிரிந்து, ஒரு பாதி மத்தேராவுக்கும் மறு பாதி கிராவினாவுக்கும் போகும். ஏறும்போதே எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். அப்புறம், ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களும் வேறு அட்டவணை. வண்டிகள் வெகுவாகக் குறையும், சில தடங்களில் பேருந்து மட்டும்தான் வரும். பாரியும் லெச்சேயும் இருக்கும் புலியா மாநிலத்தின் தெற்குப் பகுதியில் தென்கிழக்கு ரயில் என்று ஓடுவதும் இப்படித்தான். அதில் பல பாதைகளில் ஞாயிறு அன்று ரயிலே கிடையாது. வார நாளின் அட்டவணையைப் பார்த்துவிட்டு ஞாயிறு கிளம்பி வராதீர்கள். தயவுசெய்து, நீங்கள் போகும் அதே தேதியைப் போட்டுப் பாருங்கள். ஆகஸ்ட் 15 அன்று நாடே விடுமுறையில் இருக்கும். அன்றைக்கு ஊர் மாறும் திட்டமே வேண்டாம்.

சரி, மத்தேராவில் இரண்டு இரவு தங்கினால் என்ன கிடைக்கும்? பாறையைக் குடைந்த வீடுகள் அடுக்கடுக்காக இறங்கும் சாஸ்ஸி குடியிருப்பை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். மனிதர்களும் ஆடுமாடுகளும் ஒரே குகையில் வாழ்ந்த இடம் அது. 1952இல் சட்டம் போட்டு ஆயிரக்கணக்கானவர்களை அங்கிருந்து வெளியேற்றிப் புதுக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். 1993இல் யுனெஸ்கோ பட்டியல், 2019இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரம் என்று நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. அந்தக் குகை வீடுகளில் பிறந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

ஆனால் நான் இரண்டு இரவு தங்கச் சொல்வது சாஸ்ஸிக்காக மட்டுமல்ல, சுற்றியிருப்பவற்றுக்காக. ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்தாக்கின் சுவரில் ஆதிப் பாவத்தின் குகைக் கோயில் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சுவரோவியங்கள். 1963இல்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. முன்பதிவு இல்லாமல் போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். கிராவினாவில் பள்ளத்தாக்கின் குறுக்கே நிற்கும் நீர்வழிப் பாலத்தைச் சாயங்கால வெயிலில் பாருங்கள். அல்தமூராவில் துரம் கோதுமை ரவை மாவில் செய்யும் ரொட்டிக்குப் புவிசார் பாதுகாப்பே உண்டு. காலையில் அடுப்புக்கடையில் வாங்கிச் சூடாகச் சாப்பிடுங்கள். அதே அல்தமூராவில் 1993இல் ஒரு குகைக்குள் நியாண்டர்தால் மனிதனின் முழு எலும்புக்கூட்டைக் கண்டுபிடித்தார்கள். 1,30,000 ஆண்டுகளுக்கு முந்தையது, சுண்ணாம்புப் படிவம் மூடிக் கல்லோடு கல்லாகிவிட்டது. அதை நேரில் காட்டச் சொல்லி என்னிடம் கேட்காதீர்கள். அது இன்னும் குகைக்குள்தான் இருக்கிறது, யாரையும் விடுவதில்லை. அருங்காட்சியகத்தில் அதன் மறுவடிவம் உண்டு. அதுவே பார்க்கத் தகுந்தது.

தெற்கே போனால் க்ராகோ. நிலச்சரிவால் 1963இலிருந்து மக்கள் விட்டுப்போன ஊர், குன்றின்மேல் வெறும் கூடாக நிற்கிறது. தலைக்கவசம் மாட்டி, வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். வேலியைத் தாண்டிப் படம் எடுக்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுவர்கள் நிற்பது நகர்ந்துகொண்டிருக்கும் மண்ணில். படத்தைச் சாலையிலிருந்தே எடுங்கள், அதுதான் நன்றாகவும் வரும்.

மலைப்பக்கம் விருப்பமென்றால் காஸ்தெல்மெத்ஸானோவும் பியெத்ராபெர்த்தோஸாவும். கூர்கூரான பாறைகளுக்கு நடுவே எதிரெதிரே இரண்டு கிராமங்கள். இடையில் கம்பியில் தொங்கிப் பறக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கு எடை வரம்பும் பருவமும் உண்டு, கேட்டுவிட்டுப் போங்கள். பறக்காவிட்டாலும் அங்கே ஓர் இரவு தங்கலாம். வரைபடத்தில் காட்டும் நேரத்தோடு அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். வளைவுகளில் பிள்ளைகளுக்குக் குமட்டும்.

காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அபராதக் கடிதம் வரும்போது எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பழைய ஊர்ப்பகுதிகளில் இசட்.டி.எல். என்ற கட்டுப்பாட்டு மண்டலம் உண்டு. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்ட பலகை, கூடவே கேமரா. தடுப்புக் கம்பமோ காவலரோ இருக்க மாட்டார்கள். "யாரும் தடுக்கவில்லையே" என்பது பதில் ஆகாது. மின்பலகையில் "வார்க்கோ ஆத்தீவோ" என்று எரிந்தால் தடை அமலில் இருக்கிறது, நுழையாதீர்கள். திறந்திருக்கிறது என்று நினைத்துத்தான் பாதிப்பேர் நுழைகிறார்கள். ஒவ்வொரு முறை கேமராவைக் கடப்பதும் தனித்தனி அபராதமாகலாம். வாடகை நிறுவனம் உங்கள் முகவரியைக் கொடுத்ததற்கு ஒரு கட்டணத்தை உங்கள் கார்டிலேயே எடுத்துக்கொள்ளும். அபராதம் பல மாதம் கழித்து வீட்டுக்கு வரும். வழிகாட்டும் செயலி உங்களை அந்த மண்டலத்துக்குள் தாராளமாக அழைத்துப் போகும், அதை நம்பாதீர்கள். விடுதி அந்த மண்டலத்துக்குள் இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வண்டி எண்ணைப் பதிவுசெய்து தருவார்களா, இல்லை வெளியே நிறுத்த வேண்டுமா என்று சொல்லிவிடுவார்கள்.

இந்திய, இலங்கை உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். வண்டி கொடுக்கும் இடத்தில் கேட்கவில்லை என்பதற்காக அது தேவையில்லை என்று ஆகிவிடாது. விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். கியர் இல்லாத வண்டி வேண்டுமென்றால் முதலிலேயே குறிப்பிட்டுப் பதிவுசெய்யுங்கள். வைப்புத்தொகைக்கு ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்கட்டும்.

கார் வேண்டாம் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது பேஸ்தும். சலேர்னோவிலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரம் சொச்சம், இறங்கிச் சில நிமிடம் நடந்தால் வயலுக்கு நடுவே மூன்று கிரேக்கக் கோயில்கள். மூன்றுமே ஏதென்ஸின் பார்த்தெனானுக்கு மூத்தவை. பக்கத்து அருங்காட்சியகத்தில் 1968இல் கிடைத்த ஒரு கல்லறையின் மூடி இருக்கிறது. ஓர் இளைஞன் தண்ணீரில் பாய்வதுபோல் அதில் வரைந்திருக்கிறார்கள். அதன் முன்னால் அவசரமில்லாமல் நில்லுங்கள். பொம்பேயில் நெரிசலில் நசுங்கியவர்கள் இங்கே வந்து மூச்சு விடுகிறார்கள். நேரம் மிச்சமிருந்தால் மெய்யியலாளர் பார்மெனிடீஸ் வாழ்ந்த வெலியாவும் அதே கரையில் தெற்கே. உள்நாட்டில் பதூலா மடம் பிரமாண்டமானது. ஆனால் அது மூடுவது செவ்வாயன்று. பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு செவ்வாய் காலை அங்கே போய் நிற்கிறவர்கள் உண்டு.

காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை பதியுங்கள். கைபேசி டிக்கெட் என்றால் செயலியில் செக்-இன் செய்யுங்கள். பணம் கட்டியிருந்தும் அபராதம் கட்டுவது வயிற்றெரிச்சல்.

பூட்ஸ் வடிவ இத்தாலியின் குதிகாலில் இருக்கும் லெச்சேவுக்கு வருகிறவர்கள் ஓத்ராந்தோவையும் கலத்தீனாவையும் விட்டுவிடுகிறார்கள். ஓத்ராந்தோ பேராலயத்தின் தரை முழுக்க ஒரே மொசைக். 1163க்கும் 1165க்கும் இடையில் பந்தலெயோனே என்ற துறவி செய்தது. பெரிய மரம் ஒன்று நீளவாக்கில் படர்ந்திருக்கும், அதன் அடியைத் தாங்கி நிற்பவை இரண்டு யானைகள். பக்கத்திலேயே 1480இல் ஒட்டோமான் படையெடுப்பில் கொல்லப்பட்டவர்களின் எலும்புகளைக் கண்ணாடி அடுக்குகளில் வைத்திருக்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கலத்தீனாவில் சாந்தா கத்தரீனா கோயிலின் சுவரும் கூரையும் ஓவியத்தால் நிறைந்தவை. இரண்டுமே வழிபாட்டுத் தலங்கள். தோளையும் முழங்காலையும் மூடும் உடை போடுங்கள். மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குக் கோயில்களைச் சாத்திவிட்டு நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். ஆகவே ஒரே நாளில் நாலு ஊர் என்ற திட்டத்தில் இரண்டு ஊரில் கதவைத்தான் பார்ப்பீர்கள். மதியச் சாப்பாடும் இரண்டரை மணிக்குப் பிறகு சிறிய ஊர்களில் கிடைக்காது. இரவு எட்டு மணி வரை பொறுக்க முடியாதவர்கள் பையில் ஏதாவது வைத்திருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது நல்ல பகுதி. ஃபாவா என்ற காய்ந்த அவரை இனக் கொட்டையை மசித்துக் கசப்புக் கீரையோடு தருவார்கள், அருமையாக இருக்கும். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அந்தப் ஃபாவா கொட்டையைத் தொடவே கூடாது, இதை அலட்சியம் செய்யாதீர்கள். கீரை போட்ட ஒரெக்கியெத்தே பாஸ்தாவில் நெத்திலி வகை மீனைக் கரைத்திருப்பார்கள். கேட்டால் போடாமல் செய்து தருவார்கள். மத்தேரா இருக்கும் பசிலிகாட்டா மாநிலத்தில் காயவைத்துப் பொரித்த மிளகாய் கிடைக்கும். பார்வைக்கு நம் மோர்மிளகாய் மாதிரி, காரம் இருக்காது.

அந்தப் பூட்ஸின் நுனியில் இருக்கும் கலாப்ரியாவைப் பற்றி நிறையச் சொல்லலாம். ரெஜ்ஜோவில் 1972இல் கடலிலிருந்து எடுத்த இரண்டு வெண்கல வீரர் சிலைகளுக்காகவே அத்தனை தூரம் போகலாம். ஸ்தீலோவில் மலைச்சரிவில் ஒட்டியிருக்கும் சிறிய பைசாந்தியக் கோயிலும், ஜெராச்சே என்ற குன்றூரும் அந்த வழியில்தான். நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வருவது சீவிதாவை. பதினைந்தாம் நூற்றாண்டில் அல்பேனியாவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தங்கள் மொழி பேசும் ஊர். கீழே ரகனெல்லோ ஆற்றுப் பள்ளத்தாக்கு. 2018 ஆகஸ்ட் 20 அன்று அங்கே திடீர் வெள்ளம் வந்து 10 பேர் இறந்துபோனார்கள். மழை பெய்தது மேலே மலையில். பள்ளத்தாக்கு அவ்வளவு குறுகலானது, தண்ணீர் வந்தால் ஏற இடமில்லை.

இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல், மூடியிருக்கும்போது, யாரோ போட்ட காணொளியைப் பார்த்து அந்தப் பள்ளத்தாக்கில் இறங்காதீர்கள். தலைக்குமேல் நீல வானம் இருப்பது ஒன்றையும் உறுதிசெய்யாது. குடிமைப் பாதுகாப்புத் துறை தினமும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை வெளியிடுகிறது. முந்தின நாள் மாலையே அதைப் பார்த்துவிடுங்கள். பச்சை அல்லாத எந்த நாளிலும் பிள்ளைகளோடு ஆற்றுப்பக்கம் வேண்டாம். அன்றைக்கு ஊருக்குள்ளேயே நடங்கள். சன்னல்களும் கதவும் சேர்ந்து முகம்போலத் தெரியும் சின்னச் சின்ன வீடுகள் சீவிதாவில் உண்டு. பள்ளத்தாக்கின் குறுக்கே உள்ள பாலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மேலிருந்து பாருங்கள், நன்றாகவே தெரியும்.