கண்டிஷனர்: பதனிடுவதா, பதமூட்டுவதா?

கார் சீட்டுக்குத் தடவும் லெதர் கண்டிஷனரை ‘தோல் பதனிடும் திரவம்’ என்று எழுதுகிறார்கள். ஒன்றிரண்டு இடத்தில் பார்த்தபோது விட்டுவிட்டேன். போன வாரம் வாங்கிய குப்பியிலும் அதுவே.

‘கண்டிஷன்’ என்ற சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. பேசி ஒப்புக்கொண்டது என்பது முதற்பொருள். அப்புறம் நிலைமை, அதன் பின் வேண்டிய நிலைக்குக் கொண்டுவருதல். நூலுக்கு ஈரம் ஏற்றுவதை நூற்பாலைகளில் கண்டிஷனிங் என்பார்கள். அதைப் பார்த்துத்தான் 1906இல் அமெரிக்காவின் ஸ்டூவர்ட் கிரேமர் ‘ஏர் கண்டிஷனிங்’ என்று பெயர் வைத்தார். நாம் அதைக் குளிரூட்டி ஆக்கினோம். அது வேறு வழக்கு.

பதனிடுதல் என்றால் என்னவென்று ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ கேளுங்கள். பச்சைத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் களைந்து, ஆவாரம்பட்டைச் சாற்றிலோ குரோம் உப்பிலோ போட்டு, அழுகாத தோலாக மாற்றும் வேலை அது. ஒரு தோலுக்கு ஒருமுறைதான். கார் சீட் அதைத் தாண்டி, மேலே மெல்லிய நிறப்பூச்சும் வாங்கிக்கொண்டுதான் வண்டிக்கு வந்திருக்கிறது. இனி அதை யார் பதனிடுவது?

‘பதம், பதன் எல்லாம் ஒன்றுதானே’ என்றார் நண்பர். வேர் ஒன்றாகவே இருக்கட்டும். பால் காய்ச்சுவதும் ஆறின பாலைச் சூடு பண்ணுவதும் ஒன்றா? வீட்டில் நாம் செய்வது இரண்டாவது வேலை. மிதமான கிளீனரைத் துணியில் தொட்டு வியர்வைப் பிசுக்கையும் தூசியையும் துடைக்கிறோம். துளையிட்ட சீட்டானால் நேரே தெளிக்கக் கூடாது, உள்ளே இறங்கிவிடும். காய்ந்ததும் கண்டிஷனரைக் கொஞ்சமாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுகிறோம். வெயிலில் விறைத்த தோலைப் பழைய பதத்துக்குக் கொண்டுவரும் முயற்சி, அவ்வளவுதான். பாகுக்குப் பதம், மாவுக்குப் பதம் என்கிறோம். தோலுக்கு மட்டும் ஏன் கூடாது? பதமூட்டுதல், பதமூட்டி. ‘மென்மையூட்டி’ துணி துவைப்பவர்களிடம் போய்விட்டது. ‘தைலம்’ என்றால் தேங்காய் எண்ணெயை ஊற்றிவிடுவார்கள், அப்புறம் தூசியெல்லாம் சீட்டில்தான். கார் கழுவும் இடத்தில் எல்லாமே ‘பாலிஷ்’. சீட் பளபளக்கும், உட்கார்ந்தால் வழுக்கும்.

அந்தக் குப்பியைத் திருப்பிப் பார்த்தேன். ‘சீட்டின் நிபந்தனைக்கு ஏற்பப் பயன்படுத்தவும்’ என்று இருந்தது. என் சீட் இதுவரை எந்த நிபந்தனையும் போடவில்லை.