ஃபில்லாந்தஸ்: இலையும் பூவும் நெல்லியும்

கீழாநெல்லியின் அறிவியல் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ். அமாரஸ் என்பது லத்தீன். கசப்பான என்று பொருள். ஓர் இலையைக் கிள்ளி மென்று பார்த்தவருக்கு அதை விளக்கவே வேண்டாம். ஃபில்லாந்தஸ்தான் கிரேக்கம். ஃபில்லோன் என்றால் இலை, ஆந்தோஸ் என்றால் பூ. பச்சையத்தைக் குறிக்கும் குளோரோஃபில் என்ற சொல்லின் பின்பாதியும் இதே ஃபில்லோன்தான்.

சரி, இலையில் எப்படிப் பூ வரும்? ஃபில்லாந்தஸ் என்பது ஒரு பேரினத்தின் பெயர், அதாவது நெருங்கிய உறவுள்ள பல செடிவகைகளின் தொகுதி. மேற்கிந்தியத் தீவுகளில் இந்தப் பேரினத்துச் செடி ஒன்று இருக்கிறது. அதன் கிளை தட்டையாகி, பார்வைக்கு இலை போலவே இருக்கும். பூக்கள் அதன் ஓரத்தில் வரும். நம் கீழாநெல்லியும் கண்ணை ஏமாற்றும். புளிய இலை மாதிரி ஒரே கூட்டிலையாகத் தெரிவது உண்மையில் ஒரு சிறு கிளை. அதிலுள்ள ஒவ்வொரு சிற்றிலையும் தனி இலை. அந்த இலைக்கக்கங்களில், அதாவது இலை கிளையோடு சேரும் மூலைகளில், பூத்துக் காய்ப்பதால், இலையே பூத்தது போலத் தோன்றுகிறது.

தமிழ்ப் பெயரும் இதே இடத்தைத்தான் பார்த்தது, ஆனால் காயைப் பார்த்தது. இலைக்குக் கீழே நெல்லிக்காயைச் சுண்டவிட்டது போல வரிசையாகத் தொங்கும் காய்கள், அதனால் கீழாநெல்லி. கீழ்க்காய்நெல்லி என்ற பெயர் இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. மலையாளத்தில் கீழார்நெல்லி. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த, மலபார்ச் செடிகளைப் பற்றிய 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்ற லத்தீன் நூல் அதைக் 'கிர்கநெலி' என்று எழுதியது. 1789இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜுஸ்யூ ஒரு பேரினத்துக்கு வைத்த கிர்கனேலியா என்ற பெயரில் நம் நெல்லி ஒளிந்திருக்கிறது.

அப்புறம், ஃபில்லாந்தஸுக்குத் தமிழ் என்ன? 'இலைப்பூ' என்று மொழிபெயர்க்கலாம்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் நல்ல சொல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. பெரிய மரம் நெல்லி, சிறுமரம் அரைநெல்லி, முழங்கால் உயரம்கூட வராத பூண்டு கீழாநெல்லி. தோற்றத்தில் இவ்வளவு வேறுபட்ட மூன்றையும் ஊர்மக்கள் ஒரே சொல்லில் சேர்த்தார்கள். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸோ 1753இல் அரைநெல்லியை நட்சத்திரப் பழத்தின் பேரினத்தில் வைத்துவிட்டார். பிறகுதான் அது மற்ற நெல்லிகளோடு சேர்ந்தது. ஃபில்லாந்தஸ் அசிடஸ் என்ற பெயர் 1909இல் வந்தது.

அதனால் ஃபில்லாந்தஸை 'நெல்லிப் பேரினம்' என்றே எழுதலாம். இந்தப் பெரிய பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரிக்க வேண்டும் என்று சொல்லும் தாவரவியலாளர்களும் இருக்கிறார்கள். அப்படிப் பிரித்தாலும் மூன்றும் ஃபில்லாந்தேசியே குடும்பத்தில்தான் இருக்கும். அதற்கு 'நெல்லிக் குடும்பம்' என்ற பெயர் அப்போதும் பொருந்தும்.