"கேஸ்தாம்மா, ஒன்னுமில்ல"

ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருவர் தெருமுனை கிளினிக்குக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையிலிருந்து நெஞ்சில் என்னவோ அழுத்துகிறது, குமட்டல், தாடை வரைக்கும் இழுக்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. "காலையில சாப்பிட்டீங்களா?" என்கிறார் டாக்டர். சாப்பிடவில்லை. சரி, கேஸ். ஒரு பான்டாப்பிரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை), வீட்டில் ஏதும் டென்ஷனா என்று ஒரு விசாரிப்பு, முடிந்தது. இதே தொந்தரவோடு அவர் வீட்டுக்காரர் வந்திருந்தால் ஈசிஜிக்கு எழுதிக் கொடுத்திருப்பார்.

டாக்டர் கெட்டவர் இல்லை. வாசலில் முப்பது பேர் காத்திருக்கும்போது எந்த டாக்டரும் மனக்கணக்கில்தான் ஓடுவார்: இந்த ஆளுக்கு இது வர எவ்வளவு வாய்ப்பு? பெண்களுக்கு மாரடைப்பு ஆண்களைவிடச் சில வருடங்கள் தள்ளித்தான் வருகிறது என்பது உண்மைதான். அதனால் ஈசிஜி எடுப்பதில்லை, எடுக்காததால் நோய் தெரிவதில்லை, அந்த அம்மா இரவில் வேறு ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால் அந்தச் செய்தி இவர் காதுக்கு வருவதும் இல்லை. ஆக, 'பெண்களுக்கு அவ்வளவா வராது' என்ற அனுபவம் இன்னும் கெட்டிப்படுகிறது. இத்தனைக்கும் பெண்களுக்கும் முதல் அறிகுறி பெரும்பாலும் நெஞ்சுவலிதான், கூடவே குமட்டல், முதுகுவலி, அசதி என்று நாலு சேர்ந்து வருவதால் அது கூட்டத்தில் காணாமல் போகிறது.

மருத்துவப் பாடப்புத்தகமும் இப்படிப் பெண்களைச் சரியாகக் கணக்கில் எடுக்காமல்தான் உருவானது. மாரடைப்பைத் தடுக்க ஆஸ்பிரின் உதவுமா என்று அமெரிக்காவில் 1980களில் நடந்த பெரிய ஆய்வில் 22,071 டாக்டர்கள் கலந்துகொண்டார்கள், அத்தனை பேரும் ஆண்கள்! ஸோல்பிடெம் தூக்க மாத்திரை பெண்கள் உடலிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது என்பதால் அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு (FDA) அறிவித்தது 2013இல், மாத்திரை சந்தைக்கு வந்து இருபது வருடம் கழித்து.

ஆண்களும் மாட்டுகிறார்கள். எலும்புத் தேய்மானம் 'பொம்பளைங்க நோய்' என்பதால் தாத்தாக்களின் எலும்பை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் இடுப்பெலும்பு முறிந்தபின் ஒரு வருடத்துக்குள் இறப்பவர்கள் விகிதம் அவர்களிடம்தான் அதிகம்.

அப்புறம், பெண்களுக்கு ஈசிஜி எடுக்காமல் விடுவதற்கு அதிகம் பேசப்படாத ஒரு காரணம். ஈசிஜி எடுக்க ரவிக்கையைத் தளர்த்த வேண்டும். ஒரே அறை, ஆண் டாக்டர், திரை இல்லை, நர்ஸ் இல்லை என்றால் அவரும் கேட்கத் தயங்குவார், அந்த அம்மாவும் "வேணாம் டாக்டர், மாத்திரையே குடுங்க" என்று எழுந்துவிடுவார்.