ரீஃப்ளோ: பாய்வதா, உருகுவதா?

இந்த வாரத்தில் மட்டும் மூன்றாவது முறையாக, ‘ரீஃப்ளோ’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாக ‘மறுபாய்வு’ கண்ணில் பட்டுவிட்டது. செயலிழந்த கிராஃபிக்ஸ் கார்டை வீட்டுச் சமையல் ‘அவனில்’ (சூட்டடுப்பில்) வைத்துச் சூடாக்கி உயிர்ப்பிக்கும் காணொளி அது. கீழே ஓடிய தமிழ் வரி: “பலகையை மறுபாய்வு செய்யவும்.” எதைப் பாய விடச் சொல்கிறார்கள்? புதிதாக இந்த வேலையைக் கற்க வருபவர் மின்சாரம் என்றுதான் நினைப்பார். தமிழில் மின்சாரம் பாயும் அல்லவா?

சொற்பிறப்பில் பெரிதாக ஒன்றுமில்லை. ‘ரீ’ என்றால் மறுபடி, ‘ஃப்ளோ’ என்றால் ஓடுதல். சர்க்யூட் போர்டில் ஏற்கெனவே வைத்திருக்கும் பற்றாசை, அதாவது சால்டரை, சூட்டால் உருக்கி மறுபடி இறுக விடுவதுதான் ரீஃப்ளோ. தொழிற்சாலையில் பற்றாசுப் பசையைத் தடவி, பாகங்களை அதன்மேல் அடுக்கி, நீண்ட அடுப்பு ஒன்றின் வழியே போர்டை அனுப்புவார்கள். வீட்டு வைத்தியக்காரர்கள் அந்தப் பெயரை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள்.

ஆங்கிலத்தில் உலோகம் ‘ஃப்ளோ’ ஆகிறது என்றாலே அது உருகிவிட்டது என்பது அடக்கம். தமிழில் ‘பாய்வு’ என்ற சொல்லுக்குள் அந்தப் பொருள் இல்லை. வெள்ளம் பாயும், வயலுக்கு நீர் பாயும், புலி பாயும். வேகமும் திசையும் உள்ள சொல் அது. ஈயமோ மெழுகோ வெண்ணெயோ உருகத்தான் செய்யும்.

பூதக்கண்ணாடி வழியே ஒரு இணைப்பை உருக்கிப் பாருங்கள். முதலில் மங்கிய சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். சூடு ஏறும்வரை எந்த மாற்றமும் தெரியாது. பிறகு ஒரே நொடியில் கண்ணாடிபோலப் பளபளத்து, இளகி, செப்புத் திட்டின்மேல் படிந்து குவியும். கோணலாக வைத்த சிறு பாகத்தைக்கூடப் பரப்பிழுவிசை இழுத்து நேராக்கிவிடும். எங்கும் பாய்வதில்லை. இருந்த இடத்திலேயே உருகி, ஒட்டி, அடங்குகிறது.

‘பாய்வுப்படம் என்கிறோம், பாய்மம் என்கிறோம், அந்த வரிசையில் இதுவும் இருக்கட்டும்’ என்று மறுபாய்வுக்காரர்கள் சொல்வார்கள். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல் என்ற இந்தப் பிடிவாதம் எங்கே கொண்டுபோய் விடுகிறது தெரியுமா? பற்றாசு வைக்குமுன் உலோகப் பரப்பைச் சுத்தமாக்கத் தடவும் ‘ஃப்ளக்ஸ்’ இருக்கிறதே, வேதியியலில் அதற்கு ‘இளக்கி’ என்ற நல்ல சொல் உண்டு. ஆனால் காந்தவியலில் ஃப்ளக்ஸ் என்பது ‘பாயம்’ ஆயிற்றே என்று அதை இங்கேயும் தூக்கி வைக்கிறார்கள். ஆக, “பாயம் தடவி மறுபாய்வு செய்க” என்ற வாக்கியம் பிறக்கிறது. கையில் சால்டரிங் அயர்ன் பிடித்திருப்பவர் இதைப் படித்து என்ன செய்வார்? மொழிபெயர்ப்பவர் ஒரு தடவையாவது வேலையை நேரில் பார்த்துவிட்டு எழுத வேண்டாமா?

அப்புறம், பற்றாசு. இது நேற்று உருவாக்கிய சொல் இல்லை. பொற்கொல்லர் நகைத் துண்டுகளை இணைக்க வைப்பது பற்றாசு. அதிலுள்ள ‘ஆசு’தான் யாப்பிலக்கணத்திலும் இருக்கிறது. வெண்பாவின் முதல் ஏழு சீரான குறளுக்கும் அடுத்து வரும் தனிச்சொல்லுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால், ஓரிரண்டு அசைகளை வைத்து ஒட்டுவதற்கு ஆசு என்று பெயர். அப்படி அமைந்தது ஆசிடை வெண்பா. செய்யுளையே ஒட்டிய சொல் கையில் இருக்க, ‘பற்றவைப்புப் பொருள்’ என்று ஏன் நீட்டி முழக்க வேண்டும்?

சரி, ரீஃப்ளோவுக்கு என் சொல் ‘மறு உருக்கல்’. தேவைப்படும் இடத்தில் ‘பற்றாசு மறு உருக்கல்’. ‘மீளுருக்கு’ என்று சிலர் எழுதுகிறார்கள். திசை சரிதான், ஆனால் உருக்கு என்றால் எஃகு என்றும் பொருள் இருப்பதால் குழப்பம் வரும். ‘உருக்கல்’ என்று தொழிற்பெயராக வைத்தால் அந்தச் சிக்கல் இல்லை.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்க ஒரு காரணம் உண்டு. மறு உருக்கல் என்று சொன்னதும் ‘உருகியதா?’ என்ற கேள்வி தானாக எழும். பழைய 63:37 வெள்ளீய-காரீயப் பற்றாசு 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு பரவலான வெள்ளீயம்-வெள்ளி-செம்புக் கலவை உருகத் தொடங்கவே 217 டிகிரி வேண்டும். தொழிற்சாலை அடுப்பு அதனால்தான் 240 டிகிரியை ஒட்டிப் போகிறது. காணொளிகளோ 200 டிகிரியில் பத்து நிமிடம் வைக்கச் சொல்கின்றன. காரீயமில்லாத போர்டில் அந்தச் சூட்டில் பற்றாசு உருகாது. அப்படியானால் அங்கே நடப்பது ரீஃப்ளோவே இல்லை!

பிறகு எப்படிச் சில கார்டுகள் பிழைக்கின்றன? பல நேரம் பழுது போர்டில் இருப்பதில்லை. சிப்பின் உறைக்குள், சிலிக்கானைத் தாங்கும் நுண்ணிய இணைப்புகளில் விரிசல் விட்டிருக்கும். சூட்டில் விரிந்த முனைகள் மறுபடி தொட்டுக்கொள்ளும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, திரும்பவும் விலகும். எக்ஸ்பாக்ஸ் 360 என்ற வீடியோ கேம் பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்குகள் எரிந்து நின்றுபோகும் ‘சிவப்பு வளைய’க் கோளாறு இந்த வகைதான். மைக்ரோசாஃப்ட் 2007இல் உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. அதே காலத்தில் வீடுகளில் அந்தப் பெட்டியைத் துண்டால் சுற்றி, தன் சூட்டிலேயே வேக விட்டார்கள்.

நானும் ஒரு மடிக்கணினி போர்டுக்குச் சூட்டுக் காற்று அடித்தேன். திரை வந்தது, பதினோரு நாள் ஓடியது, போய்விட்டது. பக்கத்திலிருந்த மின்தேக்கி (கெபாசிட்டர்) ஒன்று தலை உப்பி நின்றது. இப்படிப்பட்ட மின்தேக்கிகள் பெரும்பாலும் 105 டிகிரிக்கு மேல் தாங்கும்படி செய்யப்படுவதில்லை. லித்தியம் பேட்டரி போர்டில் இருந்தால் சூடேற்றவே கூடாது, தீப்பிடிக்கும். சமைக்கும் அவனிலும் இதைச் செய்யக் கூடாது, புகை உள்ளேயே படியும்.

ரீஃப்ளோ என்று அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினால்கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. பழுது பார்ப்பவர்கள் “ஹீட் கொடுத்துப் பார்த்தேன்” என்பார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. தொழிற்சாலையில் நடப்பது மறு உருக்கல், வீட்டு அவனில் நடப்பது சூட்டுக் கைவைத்தியம். இரண்டுக்கும் இரண்டு பெயர் வேண்டும். அந்தக் காணொளியின் வரி என் கையில் வந்திருந்தால் இப்படி மாற்றியிருப்பேன்: “பலகையைச் சூடேற்றிப் பார்க்கவும், பற்றாசு உருகாது.”