கிக்கரை மிதிப்பதற்கு முன்னால் அடி போல்ட்டைத் திறவுங்கள்

மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருடைய அப்பா ஓட்டிய ஸ்பிளெண்டர், அப்பா காலமான பிறகு நாலு வருஷமாக மாட்டுக்கொட்டகையில் சென்டர் ஸ்டாண்டு போட்டபடி நிற்கிறதாம். இப்போது அதை எடுத்து ஓட்ட ஆசை. ஆயில் கேஜைத் திருகி எடுத்துப் பார்த்திருக்கிறார், ஆயில் கருப்பாக, பளபளப்பாக நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது. "யாரும் ஆயில் ஊத்தலைண்ணே, அப்புறம் எப்படிக் கூடும்? வெள்ளிக்கிழமை நல்ல நேரத்துல கிக் அடிச்சுப் பார்க்கலாமா?"

வெள்ளிக்கிழமை அடிக்கட்டும், அதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதைச் செய்யாமல் கிக்கரில் கால் வைத்தால் நாலு வருஷம் அந்த எஞ்சின் பத்திரமாகப் பிரித்து வைத்திருக்கும் ஒன்று ஒரே நிமிஷத்தில் கலங்கிப் போகும்.

ஆயில் தானாகக் கூடாது. வேறு ஏதோ உள்ளே வந்திருக்கிறது. ஒன்று பெட்ரோல், அல்லது தண்ணீர். டேங்க் குழாயை மூடாமல் விட்டு, கார்புரேட்டர் ஊசியும் சரியாக அடைக்காமல் இருந்தால், பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கி பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக ஆயிலில் சேரும். அதைக் கண்டுபிடிக்க மூக்கே போதும், விரலில் தொட்டால் ஆயில் நீர்த்தும் இருக்கும். தம்பிக்கு அப்படி வாசனை எதுவும் வரவில்லை.

அப்படியானால் தண்ணீர். எங்கிருந்து? "காற்றில் இருக்கிற ஈரம் உள்ளே போய்த் தண்ணீராகிவிடும்" என்று எல்லோரும் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எஞ்சினுக்குள் காலி இடம் 2 லிட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பகலில் 35 டிகிரி, இரவில் 22 டிகிரி என்றால் உள்ளே இருக்கும் காற்று இரவில் நூற்றுக்கு நாலு பங்கு சுருங்கும், அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து 80, 90 மில்லி காற்று பிரீத்தர் குழாய் வழியாக உள்ளே வரும். நல்ல ஈரமான இரவில்கூட ஒரு லிட்டர் காற்றில் 20 மில்லிகிராம் நீராவிதான் இருக்கும். அப்படியானால் ஒரு நாளைக்கு வருவது 2 மில்லிகிராமுக்கும் குறைவு. வந்தது ஒன்றுகூடத் திரும்பப் போகவில்லை என்றே வைத்தாலும் நாலு வருஷத்துக்கு மூன்று கிராம் தேறாது. அரை டீஸ்பூனைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆயில் மட்டம் கோட்டைத் தாண்டுகிற அளவுக்கு ஏறியிருக்கிறது என்றால் அது மூச்சில் வந்த ஈரம் இல்லை, மழைத்தண்ணீர். கொட்டகையின் கூரைத் தகரம் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கச் சொன்னேன். வண்டிக்கு நேர் மேலேதான் ஒழுகுகிறது, கேஜ் மூடியின் ரப்பர் வளையமும் காய்ந்து வெடித்திருக்கிறது.

சரி, தண்ணீர் இருக்கிறது என்றால் ஆயில் ஏன் இன்னும் கருப்பாகவே இருக்கிறது? ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில் சுமார் 880 கிராம், தண்ணீர் ஒரு கிலோ. சும்மா விட்டால் தண்ணீர் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கேஜ் குச்சி அடிவரை போகாது, மேலே மிதக்கும் ஆயிலைத்தான் தொட்டுக் காட்டும்.

இதற்கு நேர்மாறாக ஒன்றைப் பார்த்தேன். 2024 அக்டோபர் கடைசியில் பெய்த மழையில் மதுரை செல்லூர்ப் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர் நின்றதே, அப்போது என் பெரியப்பா மகனின் வண்டி ராத்திரி முழுக்க எஞ்சின் மூழ்க நின்றது. காலையில் தண்ணீர் வடிந்ததும் பதற்றத்தில் கிக் அடித்துவிட்டான். கேஜை எடுத்தால் அச்சு அசல் பருத்திப்பால்!

பருத்திப்பால் என்று நிறத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே வித்தைதான். தண்ணீருக்கு நிறம் இல்லை, எண்ணெயிலும் வெள்ளை என்பது எங்கேயும் இல்லை. ஆனால் ஒன்றுக்குள் இன்னொன்று பொடிப் பொடித் துளிகளாகச் சிதறிவிட்டால், ஒவ்வொரு துளியின் ஓரத்திலும் ஒளி கொஞ்சம் வளைகிறது, கொஞ்சம் திரும்பிவிடுகிறது, ஏனென்றால் தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, எண்ணெயினுடையது 1.47 போல. இப்படிக் கோடிக்கணக்கான ஓரங்களில் மோதி மோதி வெளியே வரும் ஒளி நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பழைய ஆயிலின் கருப்போடு அந்த வெள்ளை சேர்ந்தால் காபி நிறம். ஒரு மில்லி தண்ணீரை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துளிகளாக உடைத்தால் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் கோடித் துளிகள் கிடைக்கும், அவற்றின் மேற்பரப்பை எல்லாம் விரித்தால் 6 சதுர மீட்டர். கால் டீஸ்பூன்கூட இல்லாத தண்ணீர் ஒரு சின்ன அறையின் தரை அளவுக்கு விரிகிறது. கியர் பற்களும் கிளட்சும் அதே ஆயிலில்தான் சுற்றுகின்றன, அவைதான் இங்கே மத்து.

அந்தத் துளிகள் ஏன் திரும்ப ஒன்று சேர்வதில்லை? பருத்திப்பாலில் எண்ணெய்த் துளிகளைச் சுற்றி விதையின் புரதம் நின்று சேரவிடாமல் தடுக்கிறது. எஞ்சின் ஆயிலில் அந்த வேலையைச் செய்வது, கரியையும் அழுக்கையும் மிதக்க வைக்கக் கம்பெனிக்காரர்கள் சேர்க்கும் சோப்புப் போன்ற பொருள்கள். ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும், மறு முனை எண்ணெயைப் பிடிக்கும். அழுக்கென்றும் தண்ணீரென்றும் அதற்குப் பேதம் தெரியாது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. ஒரு துளி எவ்வளவு வேகமாக அடிக்கு இறங்கும் என்பது அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 19ஆம் நூற்றாண்டில் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி சொன்ன விதி. நம் ஊர் வெப்பத்தில், நிற்கும் எஞ்சின் ஆயிலில் ஒரு மில்லிமீட்டர் துளி ஒரு சென்டிமீட்டர் இறங்க அரை நிமிஷம்கூட ஆகாது. பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் என்றால் அரை மணி, முக்கால் மணி நேரம். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால்? எட்டு ஒன்பது மாதம்! விட்டம் ஆயிரம் மடங்கு குறைந்தால் வேகம் பத்து லட்சம் மடங்கு குறைகிறது. கொட்டகையில் சொட்டுச் சொட்டாக இறங்கிய மழைநீர் பெரிய துளிகளாகவே விழுந்து அடியில் தெளிந்துவிட்டது. ஒரு கிக் அடித்தால் அதைத் திரும்பத் தெளிய வைக்க வருஷக்கணக்கு ஆகும்.

நிறம் மாறுவது மட்டும் என்றால் போகட்டும் என்று விடலாம். ஆயில் பம்ப், எஞ்சினுக்குக் கீழே ஆயில் தேங்கும் சம்பின் அடியிலிருந்துதான் உறிஞ்சும். ஆகவே முதல் கிக்கில் மேலே வால்வைத் திறந்துவிடும் கேமுக்குப் போய்ச் சேர்வது ஆயில் இல்லை, தண்ணீர். இரண்டு இரும்புக்கு நடுவில் அழுத்தம் கூடக் கூட எண்ணெய் பல மடங்கு கெட்டியாகித் தாங்கிக்கொள்ளும், தண்ணீருக்கு அந்தக் குணம் கிடையாது, இரும்பும் இரும்பும் நேராக உரசும். உராய்வைப் பற்றிய இந்த அறிவைச் சில்லறை விஷயமாக நினைக்கிறோம். 1966இல் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, இதைச் சரியாகக் கவனித்தால் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று பிரிட்டன் அரசுக்கு அறிக்கை கொடுத்தது. டிராக்டரும் மோட்டாரும் டூவீலரும் இல்லாமல் ஒரு நாள் ஓடாத நம் மாவட்டங்களில், ஐடிஐக்கு ஒன்று வீதம் ஆயில் சோதிக்கும் மேசைக்கு அரசு பணம் ஒதுக்கினால் அது வீண்செலவே இல்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு, மாதம் ஒருமுறை கிக் அடித்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டால் வண்டி கெடாது என்பது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாக ஆவியாகப் போய்விடும், ஆனால் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் சிறு பங்கு குளிர்ந்த எஞ்சினில் படிந்து தங்கிவிடும். ஆயில் நன்றாகச் சூடேறும் வரை ரோட்டில் ஓட்டினால்தான் அது வெளியேறும், ஐந்து நிமிஷம் பத்தாது.

தம்பிக்குச் சொன்னது இதுதான்: வண்டியை அசைக்காமல், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை அடியில் பிடித்துக்கொண்டு, டிரெயின் போல்ட்டை மெதுவாகத் தளர்த்து. அப்படியே செய்தார். முதலில் டீத்தண்ணி நிறத்தில், துருவோடு அரை டம்ளர் தண்ணீர் வந்தது, ஒரு நொடி நின்றது, அப்புறம்தான் ஆயில் நூல் போல இறங்கியது.

பிறகு பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு, விலை குறைந்த புது ஆயில் ஊற்றி, கிக்கரைக் கையால் பத்துத் தடவை மெல்லச் சுற்றி, அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை கிக். மேலூர் வரை ஓட்டிப் போய்த் திரும்பி, சூடாக இருக்கும்போதே அந்த ஆயிலையும் இறக்கினார். லேசாகக் கலங்கல் இருந்தது. பெட்ரோல் வாசனை இல்லை என்று மறுபடி உறுதி செய்துகொண்டு, வாசலில் ஒரு பழைய இரும்புத் தட்டைச் சூடாக்கி ஒரு சொட்டு விடச் சொன்னேன். ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தால்கூடத் தாளிப்பில் ஈரக் கறிவேப்பிலை போட்டது மாதிரி வெடிக்கும், ஏனென்றால் எண்ணெய்க்குள் மாட்டிய துளி ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரிகிறது. முதல் சொட்டு படபடவென்று வெடித்தது. இன்னொரு முறை ஆயில் மாற்றி, இன்னொரு முறை மேலூர் போய் வந்தார். நேற்று விட்ட சொட்டு சத்தமே இல்லாமல் புகைந்து பரவியதாம்.